குளிச்சிட்டு வாரும், பொறவு பேசுவோம்

சட்டையில் குத்தியிருந்த சிவப்பு பேட்ஜைக் கழற்றி வைத்துவிட்டு ரயில் ஏறு என்று சங்கத்தில் எல்லோரும் சொன்னார்கள். நான் கேட்கவில்லை. திருடிக்கொண்டா போகிறேன்? சம்பளம் கூட்டிக் கேட்டு வேலைநிறுத்தம் செய்கிறவன் அதைச் சட்டையில் சொல்லிக்கொண்டு போவதில் என்ன வெட்கம்? ஆனால் ஒன்று. தென்காசி போய்த் திரும்புவதற்குள் அந்தச் சின்ன பேட்ஜுக்காக நான் வாங்கிய வசவை மூட்டையாகக் கட்டியிருந்தால் ரயிலில் லக்கேஜ் கட்டணம் கேட்டிருப்பார்கள்.

நான் மீனம்பாக்கத்தில் விமான மெக்கானிக். அரசாங்கம் நடத்துகிற கம்பெனி. வருஷா வருஷம் நஷ்டம் என்று பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்தன. அந்த நேரத்தில்தான் நாங்கள் சம்பள உயர்வு கேட்டோம். கிடைக்கவில்லை, கருவிகளைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்கு வந்துவிட்டோம். ஊரே எங்களைத் திட்டியது. பால்காரர் முதற்கொண்டு திட்டினார்.

என்னோடு ஒரே ஷெட்டில் வேலை பார்க்கும் சுப்பையாதான் சங்கச் செயலாளர். போன தை மாதம் கல்யாணமானவன். அவன் மனைவி கோமதிக்குத் தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே இருக்கும் மேலகரம். வேலைநிறுத்தம் தொடங்கிய வாரம் அவன் மாமனார் பட்டணம் வந்தார், பெண்ணைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். "மாமா வந்தாரு, கூட்டிட்டுப் போயிட்டாரு" என்று அவன் சொன்னது அவ்வளவுதான். மேலகரத்தில் தெருவுக்குச் சொல்ல ஒரு சமாதானம் இருந்தது. முதல் ஆடிக்குப் புதுப்பெண் தாய்வீட்டுக்கு வருவது எல்லா இடத்திலும் உள்ளதுதானே. ஆனால் ஆடி முடியப் போகிறது. ஆவணி பிறந்த பிறகும் அவள் அங்கேயே இருந்தால் புருஷன் வீட்டில் வாழாமல் வந்துவிட்டாள் என்றுதான் பேசுவார்கள். அப்படி ஒரு பேச்சு எழுந்துவிட்டால் பிறகு அதைத் துடைக்க முடியாது.

செயலாளர் வாசலை விட்டு நகர்ந்தால் ஓடிவிட்டான் என்பார்கள் என்று சுப்பையா பயந்தான். அதனால் என்னை அனுப்பினான். மாமனாரிடம் பேசிச் சரிக்கட்டி, மாமியாரைத் துணைக்குச் சேர்த்துக் கோமதியை அழைத்து வரவேண்டும். நிர்வாகத்தோடு பேச்சுவார்த்தை என்றால் எப்போதும் என்னைத்தான் முன்னால் உட்கார வைப்பார்கள். மேலாளர்களையே பார்த்துவிட்டேன், ஒரு மாமனார் என்ன பெரிய ஆள் என்று கிளம்பினேன்.

ரயிலில் எதிரே ஒரு ஜவுளிக்காரர். பத்திரிகையை விரித்து எங்கள் செய்தியைச் சத்தமாகப் படித்தார். பெட்டி முழுவதும் உச்சுக் கொட்டியது. நஷ்டத்தில் ஓடுகிற கம்பெனிக்கு இவன்கள் வேறு கேடா, எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டுப் புது ஆளை எடுக்க வேண்டியதுதானே என்றார். பத்திரிகையை மடிக்கும்போதுதான் என் பேட்ஜைப் பார்த்தார். தம்பி எங்கே வேலை என்றார். சொன்னேன். அப்புறம் ஆளாளுக்குப் பிடித்துக்கொண்டார்கள்.

உங்களில் யாராவது விமானத்தில் ஏறியிருக்கிறீர்களா என்று கேட்டேன். ஒருவரும் இல்லை. பிறகு எதற்கு இத்தனை கோபம் என்றேன். பெட்டி வாயடைத்துப் போகும் என்று நினைத்தேன். மூலையில் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்த ஒரு அம்மாள் தலை நிமிராமலே சொன்னாள்: "ஏறாட்டா என்ன தம்பி? எங்க காசுல வாங்குன பிளேனுல்லா. எங்க தலைக்கு மேலகூடப் பறக்க விட மாட்டோம்னா கோவம் வராதா?"

நல்ல கேள்விதான். அதற்காக நான் விட்டுக்கொடுக்கவில்லை. எங்கள் ஷெட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஓர் இஞ்சினைப் பிரித்துப் பூட்டினால், பயணிகளை ஏற்றுவதற்கு முன் வெறும் விமானத்தை ஒரு தடவை பறக்கவிட்டுப் பார்ப்பார்கள். அதில் இஞ்சினில் கை வைத்த மெக்கானிக்கும் ஏறியாக வேண்டும். கை வைத்தவன் ஏறணும் என்பதுதான் எங்களுக்குள் பேச்சு. புதிதாகச் சேருகிறவனுக்கு முதலில் சொல்வதே அதுதான். இதை ஜவுளிக்காரரிடம் சொன்னேன். கம்பெனி நஷ்டத்தில் ஓடுகிறது என்பதற்காக நட்டைப் பாதி முறுக்கினால் போதும் என்று யாராவது சொல்கிறார்களா? முழுசாகத்தானே முறுக்குகிறோம்? பின்னே சம்பளம் மட்டும் ஏன் பாதி? அவர் ஒத்துக்கொள்ளவில்லை. பலகாரப் பொட்டலத்தைப் பிரித்து எல்லோருக்கும் முறுக்கு கொடுத்தார், எனக்கும் ஒன்று. திட்டுவது வேறு, முறுக்கு வேறு போலிருக்கிறது.

தென்காசியில் இறங்கியதும் மூஞ்சியில் சாரல் அடித்தது. மழை என்று சொல்ல முடியாது, வெயிலும் இருந்தது. அரக்கோணத்தில் பிறந்து மதராஸில் வேர்த்து வழிகிறவனுக்கு ஆடி மாதம் இப்படி ஒரு காற்று இருக்கும் என்று யாராவது சொன்னால் நம்புவானா? எப்போதோ இடிந்த கோயில் கோபுரம் உச்சி இல்லாமல் பிளந்து நின்றது. இந்த ஊர்க்காரர்கள் அதை நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. ரயிலடிக்கு எதிரே ஓட்டலில் இட்லி சின்னதாக, வாயில் வைத்ததும் போய்விடுகிற மாதிரி இருந்தது. எங்கள் ஊர் இட்லியை வைத்துச் சுவர் எழுப்பலாம். பரிமாறியவர் "இன்னும் ரெண்டு வைக்கவா?" என்றதை நான் சண்டைக்கு இழுக்கிறார் என்று நினைத்தேன். உபசாரத்துக்கும் அதட்டலுக்கும் இங்கே ஒரே ராகம், காது பழக ஒரு நாள் பிடித்தது.

மேலகரத்துக்கு பஸ் ஏறினேன். நடந்தே போயிருக்கலாம். பாதி வழியில் இருமியது, குலுங்கியது, நின்றுவிட்டது. கண்டக்டர் பேட்ஜைப் படித்து விவரம் கேட்டிருந்தார். இப்போது எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, இங்கே விமான மெக்கானிக்கே இருக்கிறார், நமக்கென்ன கவலை என்று அறிவித்தார். எனக்கு பஸ் இஞ்சின் தெரியாது என்றேன். அடக்கம் என்று நினைத்து இழுத்துக்கொண்டு போய் முன்னால் நிறுத்திவிட்டார்கள். டிரைவர் மூடியைத் திறந்தார். நானும் குனிந்து பார்த்தேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் அது பஸ் இஞ்சின் என்பதுதான். எதையோ தொட்டேன், கை சுட்டது.

"நின்ன பிளேன ஓட்டச் சொன்னா ஓட்ட மாட்டேங்கீரு, ஓடுத பஸ்ஸயும் நிறுத்திட்டீரே, அண்ணாச்சி" என்றார் கண்டக்டர். சிரிக்காதவர் ஒருவரும் இல்லை. எல்லோருமாகச் சேர்ந்து தள்ளினோம். வேட்டி முழங்கால் வரை சேறு. அந்தக் கோலத்தில்தான் சுப்பையாவின் மாமனார் வீட்டு வாசலில் போய் நின்றேன்.

மாமனார் பெயர் சங்கரலிங்கம். நெடுக வளர்ந்த மனிதர், நெற்றி நிறையத் திருநீறு. வயலும் கோயில் காரியமுமாக இருப்பவர். தெருவே அவரை அண்ணாச்சி என்றது. நான் ஐயா என்று கூப்பிட்டேன். யார், எதற்கு வந்திருக்கிறேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவர் சேற்றைப் பார்த்தார், பேட்ஜைப் பார்த்தார், ஒரு துண்டை எடுத்து என் தோளில் போட்டார். "குளிச்சிட்டு வாரும், பொறவு பேசுவோம்" என்றார்.

சாரல் காலத்தில் வந்த விருந்தாளி அருவியில் குளிக்காமல் எந்த விஷயமும் பேசப்படாது என்பது அந்த வீட்டு வழக்கமாம். வீட்டுக் கிணற்றில் குளிக்கிறேன் என்றால் அது வீட்டுக்காரருக்கு அவமானமாம். ஆகவே குற்றாலம் போனேன்.

பேரருவியின் சத்தம் தெருமுனையிலேயே கேட்டது. எண்ணெய் தேய்த்து விடுகிறவர்கள் பாறையோரம் கிண்ணங்களோடு வரிசையாக நின்றார்கள். ஒரு மதுரைக்காரர் கூலியைக் குறைக்கச் சொல்லி வாதாடிக்கொண்டிருந்தார். ஒருவர் மறுத்தால் அடுத்தவரிடம் போனார். அவரும் அதே கூலிதான் சொன்னார். வரிசையின் கடைசி வரை போய்ப் பார்த்துவிட்டு, கொள்ளைக்காரப் பயல்கள், பேசி வைத்துக்கொண்டு நிற்கிறான்கள் என்று சொல்லி வறட்டு உடம்போடு அருவிக்குள் போனார். எனக்கு ஒரே சந்தோஷம். நம்ம ஆட்கள் என்று நினைத்துக்கொண்டு முதலில் நின்றவர் முன்னால் போய் உட்கார்ந்தேன்.

நல்ல கை. எண்ணெய் மண்டைக்குள் இறங்குகிற சுகத்தில் நான் யார், எதற்கு வாசலில் உட்கார்ந்திருக்கிறோம் என்று எல்லாம் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று பார்த்தால் விரல்கள் என் தலையில் நின்றுவிட்டன. "கவுர்மெண்டு சம்பளம் வாங்குதவனுக்கு எதுக்கு சாமி ஸ்ட்ரைக்கு?" என்றார். அப்புறம் தேய்த்த தேய்ப்பில் கழுத்து சுளுக்கிக்கொண்டது. நீங்களும் இப்போது அதைத்தானே செய்தீர்கள் என்றேன். அது வேறு, இது வேறு என்றார். முடிந்ததும் மதுரைக்காரரிடம் சொன்ன கூலியை விடக் கூட்டிக் கேட்டார். ஏன் என்றால், உங்களுக்குத்தான் கூடக் கிடைக்கப் போகுதே என்றார். என்னத்தைச் சொல்ல? கொடுத்தேன்.

அருவிக்குள் தலையைக் கொடுத்ததும் எல்லாம் மறந்துபோனது. மதராஸில் குழாயடியில் குடத்துக்கு அடித்துக்கொள்கிறோம். இங்கே தண்ணீர் நம் தலையில் அடிக்கிறது. எல்லோரும் துண்டோடு நின்றோம், யாருக்கும் பேட்ஜ் இல்லை. பக்கத்தில் நின்றவர் காதில் கத்தினார்: இந்த பிளேன்காரப் பயல்களால் என் அதிகாரி பம்பாயிலேயே மாட்டிக்கொண்டார், அதனால்தான் லீவு கிடைத்து இங்கே வந்தேன். அப்படியென்றால் பிளேன்காரனுக்கு நன்றி சொல்லுங்கள், நான்தான் அந்தப் பயல் என்று நானும் கத்தினேன். அவருக்குப் பாதிதான் காதில் விழுந்திருக்கும். சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

திரும்பி வந்தால் இலை போட்டிருந்தது. தேங்காய்ப்பால் ஊற்றிய சொதி, இஞ்சிப் பச்சடி, வாழைக்காய் வறுவல். நான் அதற்கு முன் சொதி சாப்பிட்டதில்லை. வெள்ளையாக இருக்கிறதே, இதில் என்ன ருசி இருந்துவிடப் போகிறது என்று நினைத்தேன். மூன்றாவது தடவை சோறு கேட்டபோது எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. பரிமாறியது கோமதி. "எப்படிம்மா இருக்கே?" என்றேன். "இருக்கேன் அண்ணாச்சி" என்று மட்டும் சொல்லி உள்ளே போய்விட்டாள். சாப்பிட்டு எழுந்ததும் நான் தொண்டையைக் கனைத்தேன். கொஞ்சம் சாயும், சொதி உண்ட உடம்பு என்றார் சங்கரலிங்கம். சாய்ந்து எழுந்தால் காபி வந்தது. காபி முடிந்தால் கோயிலுக்கு நேரமாகிவிட்டது. திரும்பி வந்ததும் நாளைக்குப் பார்த்துக்கொள்வோம் என்றார்.

மறுநாள் ஐந்தருவி. அங்கே குளித்தால்தான் குற்றாலம் வந்ததாகக் கணக்காம். வழியில் மங்குஸ்தான் வாங்கிக் கொடுத்தார். ஊதாத் தோலைப் பிளந்தால் உள்ளே வெள்ளை வெளேரென்று சுளைகள். இதை எங்கள் ஊரில் பார்த்ததே இல்லை என்றேன். உடனே இன்னும் ஒரு கூடை வாங்கினார். ஐயா, கோமதி விஷயம் என்று ஆரம்பித்தேன். இந்தப் பழம் குளிர்ச்சி, அருவித் தண்ணீரும் சேர்ந்தால் உடம்புக்கு இன்னும் நல்லது என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் நிர்வாகமும் இப்படித்தான் செய்யும். முதல் கோரிக்கையைச் சொல்ல வாய் திறந்தால் காபி வரும். இரண்டாவதுக்கு பிஸ்கட். மூன்றாவதுக்கு மேலாளர் தன் பெண்ணின் படிப்பைப் பற்றிப் பேசுவார். பேசாமல் இருப்பதற்கு எத்தனை வழி உண்டோ அத்தனையும் அவர்களுக்குத் தெரியும். இந்த மனிதர் எந்தக் காலேஜில் படித்தார்?

அன்று சாயங்காலம் தென்காசிக் கடைத்தெருவுக்குக் கூட்டிப் போனார். அங்கே போன பிறகுதான் அவர் பாடு தெரிந்தது. பாத்திரக்கடையில், உம்ம மருமகன் பிளேனைப் பூட்டிட்டாராமே என்றார்கள். வெற்றிலைக்கடையில், மாப்பிள்ளை ஆடிக்கு வரவில்லையா, நடந்து வருகிறாரோ என்றார்கள். அவர் சாமானை மட்டும் வாங்கிக்கொண்டு நடந்தார். நான்தான் ஒவ்வொரு கடையிலும் சண்டை பிடித்தேன். நாங்கள் கேட்டது பிச்சை இல்லை என்று பாத்திரக்கடையில் சத்தம் போட்டதில் இரண்டு பேர் வாங்க வந்ததை மறந்து நின்றார்கள். பேட்ஜ் குத்தியவன் என்ற முறையில் எனக்குத் திருப்திதான். சங்கரலிங்கம் கடை வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

கோயில் வாசல் காற்றில் ஒருவர் எதிரே வந்தார். மொட்டைத் தலையில் முடி இன்னும் முளைக்கவில்லை. சங்கரலிங்கம் நின்று, இவர் டெல்லியில் வேலை பார்க்கிறார், அப்பா போய்விட்டார், சேதி கேட்டு விமானத்துக்குப் போனார், விமானம் இல்லை, ரயிலில் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்துவிட்டது, சித்தப்பா மகன்தான் கொள்ளி வைத்தான் என்று சொன்னார். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. அந்த மனிதர் என் பேட்ஜைப் பார்த்தார். கத்தவில்லை, திட்டவில்லை.

"நீங்க கேட்டது நியாயமாவே இருக்கட்டும்" என்றார். "எங்கப்பா முகத்த நான் பாக்கலியே."

எனக்கு அழுகை வந்துவிட்டது. என் அப்பா போனபோது நான் பக்கத்தில் இருந்தேன். அந்த மனிதரின் கையைப் பிடித்துக்கொண்டேன். உங்களுக்கு நேர்ந்தது பெரிய கொடுமை என்றேன். ஆனால் வேலையை நிறுத்தியது தப்பு என்று மட்டும் சொல்லவில்லை. அந்த வாசலில் நின்று, அந்த மொட்டைத் தலையைப் பார்த்துக்கொண்டும், நான் அப்படி நினைக்கவில்லை. நினைக்காததைச் சொன்னால் அது அவருக்கு இன்னொரு அவமானம். அவர் கையை உருவிக்கொண்டு போனார்.

விடிந்ததும் அவர் துண்டை எடுத்துக்கொண்டு வந்தார். இன்றைக்குப் பழைய குற்றாலம் அருவியாம். நான் துண்டை வாங்கவில்லை. பேசின பிறகு குளிக்கிறேன் என்றேன். கேட்காதது போல வயலுக்குப் போய்விட்டார். மத்தியானம் உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் செய்திருந்தார்கள். வாசனை தெருவுக்கு வந்தது. இலை போட்டார்கள், உட்கார்ந்தேன், பரிமாறினார்கள். நான் கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

அந்த வீட்டில் விருந்தாளி ஒரு வாய் எடுத்து வைக்கிற வரை யாரும் சாப்பிடமாட்டார்கள் என்பதை வந்த அன்றே பார்த்துவிட்டேன். தெரிந்தேதான் செய்தேன். கோமதியின் அம்மா பதறிப்போய்ச் சோற்றில் குறையா, துவையலில் உப்பு இல்லையா என்று கேட்டாள். சோற்றில் ஒரு குறையும் இல்லையம்மா, இங்கே என் கோரிக்கையை யாரும் காதில் வாங்கவில்லை, அதனால் நிறுத்தியிருக்கிறேன் என்றேன். எதிர் இலையில் சங்கரலிங்கம் பிசைந்த கையை எடுத்துவிட்டார். பசி எனக்கும் இருந்தது. எள்ளுத் துவையலைப் பார்க்காமல் இருப்பதற்காகச் சுவரைப் பார்த்தேன்.

"இது என்னவே, என் வீட்டுக்குள்ள வந்து ஸ்ட்ரைக்கா?" என்றார் கடைசியில்.

"எனக்குத் தெரிஞ்ச வழி இது ஒண்ணுதான் ஐயா. கோமதியை அனுப்புங்க. சம்பளம் கேட்டான்னு மருமகனைத் தண்டிக்கறது நியாயமில்லை."

கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவருக்குச் சிரிப்பு வந்தது, சந்தோஷமில்லாத சிரிப்பு.

"நானா பிடிச்சு வச்சிருக்கேன்? ரெண்டு நாளா என்னையப் பேசு பேசுன்னு குடையுதீரு. நான் என்னத்தப் பேச? பேச வேண்டியவ அடுப்பங்கரையில நிக்கா. அவ எங்கிட்டயே பேசல. அவ வாயத் தொறக்கட்டும்னுதான் உம்ம அருவி அருவியா அனுப்பிக்கிட்டிருந்தேன்."

எனக்குச் சுரீரென்றது. பேச்சுவார்த்தை என்றால் மேஜைக்கு அந்தப் பக்கம் இருக்கிற பெரியவரிடம் பேசுவது என்றே பழகிவிட்டேன். ரயில் ஏறினது முதல் அவரை எப்படி மடக்குவது என்பதுதான் யோசனை. சோறு போட்டவளிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை.

கோமதி நிலைப்படிக்கு வந்தாள். கையில் கரண்டி இருந்தது. சத்தம் போடவில்லை. "எங்கப்பா தானா என்னையக் கூட்டிட்டு வரல அண்ணாச்சி. எங்களப் பாக்கத்தான் வந்தாக. எங்க வீட்டுக்காரவுகதான், மாமா இவளக் கொஞ்ச நாள் கூட்டிட்டுப் போங்கன்னு சொன்னாக. நான் உள்ள பால் காய்ச்சிக்கிட்டிருந்தேன். பெட்டியக் கட்டுன்னு சொன்ன பொறவுதான் எனக்கே தெரியும்."

சுப்பையா என்னிடம் சொன்னது வேறு. இல்லை, அவன் பொய் சொல்லவில்லை, பாதியை விழுங்கிவிட்டான். போராட்டம் எப்படிப் போகுமோ, நீ கஷ்டப்படக்கூடாது என்றுதான் அனுப்பியிருப்பான் அம்மா என்று அவனுக்காகப் பேசினேன்.

"கஷ்டத்துக்கு நான் பயந்தேன்னு அவுககிட்ட யாரு சொன்னா? சம்பளம் கேட்டது தப்புன்னு நான் ஒரு நாளும் சொன்னதில்ல. நானும் வாசல்ல வந்து உக்காந்திருப்பேன்" என்றாள். பிறகு குரல் கொஞ்சம் உடைந்தது. "ஸ்ட்ரைக் பண்ணலாமான்னு ஷெட்டுல ஒவ்வொருத்தரையும் கை தூக்கச் சொல்லிக் கேட்டாகளாம். வீட்டுக்கு வந்து பெருமையாச் சொன்னாக. என்னைய அனுப்புததுக்கு நான் கை தூக்கினேனா?"

சங்கரலிங்கம் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்படியானால் கிளம்பு அம்மா, அவனிடமே வந்து கேள் என்றேன். அவள் தலையாட்டினாள், இல்லை என்று. "கை வச்சவன் ஏறணும்னு உங்க ஷெட்டுல சொல்லுவாகள்லா? அனுப்பிச்சவுகதான் வரணும். உங்களுக்குச் சோறு போடுவேன் அண்ணாச்சி, எத்தன நாள் வேணும்னாலும் போடுவேன். உங்ககூட வரமாட்டேன்."

ஆவணி பிறந்தால் தெருவில் என்ன சொல்வேன் என்று சங்கரலிங்கம் மெதுவாகக் கேட்டார். "மருமகன் வந்தா வந்தாகன்னு சொல்லுங்க. வரலன்னா மக இங்கனதான் இருக்கான்னு சொல்லுங்க. பொய் சொல்ல வேண்டாம்" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, சோறு ஆறிப்போகிறது, ஸ்ட்ரைக் முடிந்ததா என்றாள். முடிந்தது என்றேன். சாப்பிட்டேன். அவ்வளவு நல்ல உளுந்தஞ்சோற்றை அவ்வளவு தோற்றுப்போய் யாரும் சாப்பிட்டிருக்கமாட்டார்கள். அவள் இன்னும் இரண்டு கரண்டி வைத்தாள்.

குளிக்காமலே ஊருக்குக் கிளம்பினேன். ரயிலடி வரை வந்த சங்கரலிங்கம் ஒரு கூடை மங்குஸ்தானைக் கொடுத்து, வாசலில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளுக்குக் கொடும் என்றார். உங்களுக்கு எங்கள் மேல் கோபம் இல்லையா என்று கேட்டேன். இருக்குது, நிறைய இருக்குது, அதுக்காகப் பழம் அழுகணுமா என்றார்.

விமான நிலைய வாசலில் எங்கள் ஆட்கள் பழத்தைப் பார்த்து விழித்தார்கள், எப்படி உடைப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. சுப்பையா கொடிக்கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். நான் தனியாக வந்திருப்பதைப் பார்த்ததும் முகம் செத்துப்போயிற்று. மாமா ஒத்துக்கலையா என்றான். தனியாகக் கூட்டிப்போய் அவள் சொன்னதைச் சொன்ன மாதிரியே சொன்னேன். கை தூக்கின விஷயம் வந்ததும் அவன் தரையைப் பார்த்தான். நான் இப்ப போனா செயலாளர் ஓடிட்டான்னு பேசுவாங்களே என்றான்.

"பேசட்டும். இதுவரைக்கும் நல்லதாவா பேசிட்டிருந்தாங்க? கம்பை என்கிட்டக் கொடு."

அந்த நேரம் பார்த்து ஒரு கார் வேகம் குறைந்தது. கண்ணாடி போட்ட ஒருவர் தலையை நீட்டி, நஷ்டக் கம்பெனியில் சம்பளம் கேட்கிறீர்களே, யார் வீட்டுப் பணம், எங்கள் பணம் என்று கத்தினார். "உங்க பணம்தான் சார். பிளேனும் உங்களோடதுதான். நாங்க கை வச்சதுல நாங்களே ஏறிப் பாத்துட்டுத்தான் உங்களை ஏத்தறோம். அந்தக் கைக்குத்தான் கேக்கறோம்" என்று நானும் கத்தினேன். கார் போய்விட்டது. சுப்பையா கம்பை என் கையில் கொடுத்தான்.

அன்றைக்கே அவனை ரயிலேற்ற நான்தான் போனேன். ஏறுவதற்கு முன்னால் பேட்ஜைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். கழற்றப் போகிறானோ என்று பார்த்தேன். ஊசி சரியாகக் குத்தியிருக்கிறதா என்றுதான் பார்த்தான். வழியெல்லாம் திட்டுவார்கள், முறுக்கும் கொடுப்பார்கள், இரண்டையும் வாங்கிக்கொள் என்றேன். வண்டி நகர ஆரம்பித்தது. முக்கியமானதைச் சொல்ல மறந்துவிட்டேனே என்று ஜன்னலைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினேன்.

"போனதும் உன் மாமனார் துண்டைத் தோள்ல போட்டுக் குளிச்சிட்டு வரச் சொல்லுவார். போகாதே. செருப்பைக் கழட்டிட்டு நேரா அடுப்பங்கரைக்குப் போ."